‘சக்சீட்’ என்ற ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பாதிப்பேர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மீதிப்பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். எல்லாரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வரும் ஒரு சொல்தான் வகுப்பில் அதிகமாகக் கேள்வி கிளப்புகிறது. ‘சக்சீட்’ என்ற வினைச்சொல். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பேர் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘சக்சீட்’ என்றால் வெற்றி பெறுவது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

அது பாதிப் பொருள்தான். இந்த வினைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எடுத்த காரியம் நினைத்தபடி முடிவது. இன்னொன்று, ஒருவருக்குப் பின் அவருடைய இடத்துக்கு வருவது. பள்ளியில் முதல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அப்புறம் செய்தித்தாளிலோ வரலாற்றுப் புத்தகத்திலோ இரண்டாவது பொருள் வரும்போது தடுமாறுகிறோம்.

இரண்டு பொருளில் பழையது, அதாவது வேர், இரண்டாவதுதான். பின்னால் வருவது, தொடர்வது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முக்கால்வாசிச் சந்தேகங்கள் தானாகவே தீர்ந்துவிடும்.

‘ராஜராஜன் வாஸ் சக்சீடட் பை ராஜேந்திரன்’ என்று படித்தேன். மகன் அப்பாவைத் தோற்கடித்தாரா?

இல்லை. இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. ஒரு மாணவர் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘ராஜராஜன் ராஜேந்திரனால் வெல்லப்பட்டார்’ என்றே எழுதிக் கொடுத்தார். அவர் கவனக்குறைவானவர் அல்ல, நன்றாகப் படிப்பவர். ‘சக்சீட்’ என்றால் வெற்றி, ‘பை’ என்றால் ‘ஆல்’, எனவே வெல்லப்பட்டார். அவருக்குத் தெரிந்த விதிப்படி எல்லாம் சரியாகவே போட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த அகராதிப் பொருள்தான் குறையாக இருந்தது.

1014ல் ராஜராஜனுக்குப் பின் ராஜேந்திரன் அரியணைக்கு வந்தார். அவ்வளவுதான் அந்த வாக்கியம் சொல்வது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அப்பாவும் மகனும் சேர்ந்தே ஆண்டார்கள், அவர்களுக்குள் போரே கிடையாது.

இரண்டு பொருளையும் பிரித்துக் காட்ட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு அப்துல் கலாம். 2002ல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் கேப்டன் லட்சுமி சேகல். அப்போது பதவியில் இருந்தவர் கே. ஆர். நாராயணன். ஆங்கிலத்தில் இதை எழுதும்போது கலாம் லட்சுமி சேகலை ‘டிஃபீட்டட்’, கே. ஆர். நாராயணனை ‘சக்சீடட்’. தோற்றவர் ஒருவர், இடத்தை விட்டுச் சென்றவர் வேறொருவர். இந்த இரண்டு வினைகளையும் இடம் மாற்றிப் போட்டால் வரலாறே மாறிப்போகும்.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். ‘சக்சீட்’ சொல்லுக்கு அடுத்து நேராக ஓர் ஆளின் பெயர் வந்தால், அங்கே ‘பின் வந்தார்’ என்ற பொருள்தான். வெற்றிப் பொருளில் இந்த வினை ஆளை நேரடியாக ஏற்காது.

தொடர்வதும் காரியம் முடிவதும் எப்படி ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தன?

லத்தீனிலிருந்து வந்த சொல் இது. அங்கே ‘சுக்கேடெரே’ என்று ஒரு வினை. ‘சுப்’ என்ற முன்னொட்டும் ‘கேடெரே’ என்ற வினையும் சேர்ந்தது. ‘கேடெரே’ என்றால் செல், நகர். ‘சுப்’ என்றால் கீழே, அருகே, அடுத்து. பின்னால் ககர ஒலி வருவதால் ‘சுப்’ என்பது ‘சுக்’ ஆனது. தமிழில் பல் + பொடி ‘பற்பொடி’ ஆவதுபோல, பக்கத்து எழுத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதுதான்.

‘அருகே செல்’, ‘அடுத்து வா’, ‘ஒருவர் இடத்துக்குப் போ’ என்றெல்லாம் லத்தீனில் இதைச் சொன்னார்கள். ‘சுப்’ முன்னொட்டுக்கு ‘கீழிருந்து மேலே’ என்ற சாயலும் உண்டு. அதனால் ‘ஏறிப் போ’ என்ற பொருளும் இந்த வினைக்கு இருந்தது. ஒரு காரியம் தடங்கலின்றி நகர்ந்துபோனால் அது நல்லபடி நடக்கிறது என்றும் லத்தீன்காரர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ‘காரியம் நடந்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது நடை என்ற சொல்லிலேயே வெற்றியைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அதேதான்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது ‘பின் வா’ என்ற பொருள்தான் முன்னால் நின்றது. நல்லபடி முடிவது என்ற பொருள் ஆங்கில எழுத்தில் தெரியத் தொடங்கியது சுமார் 100 ஆண்டு கழித்து, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். முதலில் ‘சக்சீட் வெல்’ என்று, ‘நன்றாக’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. காலப்போக்கில் ‘வெல்’ உதிர்ந்துவிட்டது, அதன் பொருள் மட்டும் ‘சக்சீட்’ சொல்லுக்குள் தங்கிவிட்டது.

அப்படியானால் ‘சக்சஸ்’ என்ற பெயர்ச்சொல் ஆரம்பத்தில் நல்லதைக் குறிக்கவில்லையா?

குறிக்கவில்லை. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘சக்சஸ்’ என்றால் ‘பின்னால் வந்த விளைவு’ மட்டுமே. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். எனவே எது என்று சொல்ல முன்னால் ஒரு அடைமொழி தேவைப்பட்டது. ‘குட் சக்சஸ்’ என்றார்கள், ‘இல் சக்சஸ்’ என்றார்கள்.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில் இயாகோ ‘வைல் சக்சஸ்’ என்று பேசுகிறான். இழிந்த விளைவு என்று பொருள். அவருடைய ‘ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா’ நாடகத்தில் ‘பேட் சக்சஸ்’ என்றே வருகிறது. இன்றைய காதுக்கு ‘மோசமான வெற்றி’ என்று கேட்கும், அன்றைய பார்வையாளருக்கு அதில் முரண்பாடே இல்லை.

1611ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யோசுவா முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தில் ‘குட் சக்சஸ்’ என்று இருக்கிறது. ‘நல்ல வெற்றி’ என்றால் கெட்ட வெற்றி ஒன்று உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். அங்கே அந்தச் சொல் இன்னும் ‘விளைவு’ என்ற பழைய பொருளிலேயே நிற்கிறது. அதே வசனத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு ‘அப்பொழுது நீ உன் வழியை வாய்க்கப்பண்ணுவாய், அப்பொழுது புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்’ என்று போகிறது. ‘வாய்க்கப்பண்ணுவாய்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வெற்றி என்ற பேச்சே எடுக்காமல் காரியம் கூடிவருவதைச் சொல்லிவிட்டார்கள்.

நடுநிலையாக இருந்த சொல் ஒரு பக்கம் சாய்வது நமக்குப் புதிதல்ல. ‘அதிர்ஷ்டம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழி மூலத்தில் ‘காணப்படாதது’ என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரியாத வினைப்பயன், நல்லதோ கெட்டதோ. தமிழில் அது முழுக்க நல்ல பக்கம் சாய்ந்துவிட்டது, கெட்டதைச் சொல்ல ‘துரதிர்ஷ்டம்’ வேண்டியிருக்கிறது. ‘விளைவு’ என்ற சொல் எதிர்ப்பக்கம் போகிறது. ‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்றால் யாரும் பரிசை எதிர்பார்ப்பதில்லை.

சரி, தமிழில் ‘வெற்றி பெறு’ என்று மொழிபெயர்த்தால் தப்பா?

எல்லா இடத்திலும் தப்பில்லை. ஆனால் பொருந்தாத இடம் நிறைய. ‘வெற்றி’ என்ற சொல் ‘வெல்’ என்ற வினையிலிருந்து வருகிறது. வெல்வதற்கு எதிரே ஒருவர் வேண்டும், அல்லது எதிரியாக எண்ணத்தக்க ஏதாவது வேண்டும். போர், தேர்தல், ஆட்டம், வழக்கு, இவற்றில் வெற்றி என்றால் யாரோ ஒருவருக்குத் தோல்வி. ‘சக்சீட்’ வினையில் தோற்றவர் யாருமே இல்லை. செடி பிழைத்துக்கொண்டாலும் ‘சக்சீட்’, தோசை ஒட்டாமல் வந்தாலும் ‘சக்சீட்’.

தமிழில் இதற்கு அருமையான சொற்கள் இருக்கின்றன, நாம்தான் ‘வெற்றி’ ஒன்றையே எல்லாத் தலையிலும் கட்டுகிறோம். கைகூடுதல், வாய்த்தல், பலித்தல், நிறைவேறுதல், ஈடேறுதல், தேறுதல், கரையேறுதல். ‘தி ட்ரீட்மென்ட் சக்சீடட்’ என்பதைச் ‘சிகிச்சை வெற்றி பெற்றது’ என்று எழுதுகிறார்கள். ‘சிகிச்சை பலித்தது’, ‘சிகிச்சைக்குப் பலன் கிடைத்தது’ என்று எழுதினால் அம்மா பேசுவதுபோல இருக்கும். ‘ஹிஸ் எஃபர்ட்ஸ் சக்சீடட்’ என்பதற்கு ‘அவன் முயற்சி கைகூடியது’ என்பதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களிடம் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வது வழக்கம். பிள்ளை படித்து ஒரு வேலையில் அமர்வதைக்கூடப் போர்ச்சொல்லால் மட்டுமே சொல்லிப் பழகினால், அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் உள்ள மற்றவர்கள் எல்லாரும் எதிரிகளாகத் தெரியத் தொடங்குகிறார்கள். இதை வகுப்பறையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

‘சக்சீட் டு’ என்பதா, ‘சக்சீட் இன்’ என்பதா?

இரண்டும் உண்டு, பொருள் வேறு.

காரியம் கைகூடியதைச் சொல்ல ‘இன்’. அதற்கு அடுத்து வரும் வினை ‘இங்’ வடிவில் இருக்கவேண்டும். ‘ஷி சக்சீடட் இன் கெட்டிங் எ லோன்’, அவளுக்குக் கடன் கிடைத்துவிட்டது. இங்கே ‘சக்சீடட் டு கெட்’ என்று சொல்லக்கூடாது. நம் ஊரில் அதிகம் விழும் பிழை இதுதான். ஏன் விழுகிறது என்றும் தெரியும். ‘ட்ரை டு’, ‘வான்ட் டு’, ‘ஹோப் டு’, ‘மேனேஜ் டு’ என்று எல்லாவற்றுக்கும் ‘டு’ போட்டுப் பழகிய நாக்கு, இதற்கும் போட்டுவிடுகிறது.

பதவிக்கோ சொத்துக்கோ வருவதைச் சொல்ல ‘டு’. ‘சக்சீடட் டு தி த்ரோன்’ என்றால் அரியணைக்கு வந்தார். எலிசபெத் அரசி 1952 பிப்ரவரி 6 அன்று தம் தந்தை ஆறாம் ஜார்ஜுக்குப் பின் அரியணைக்கு வந்தார், 2022 செப்டம்பர் 8 அன்று அவருக்குப் பின் மூன்றாம் சார்லஸ் வந்தார். இரண்டையும் எழுத ‘சக்சீடட் டு தி த்ரோன்’ என்ற தொடரே போதும். ‘டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் சரி, வினை வந்தால் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘சக்சீட் அட்’ என்பதும் உண்டு. ஒரு விளையாட்டிலோ தொழிலிலோ படிப்பிலோ நன்றாக வருவதைச் சொல்ல. ‘சக்சீட் ஆஸ்’ என்றால், இன்னாராக நன்றாக வந்தார் என்பது. ‘ஷி சக்சீடட் ஆஸ் அன் ஆக்ட்ரஸ்’, நடிகையாகப் பேர் வாங்கினாள்.

‘ஐ சக்சீடட் தி எக்ஸாம்’ சரியா?

சரியில்லை. தேர்வுக்கு ‘பாஸ்ட்’. இந்த வினைக்கு அடுத்து தேர்வை நேராக வைத்தால், ‘தேர்வுக்குப் பின் அதன் இடத்துக்கு நான் வந்தேன்’ என்பதுபோல் ஆகிவிடும். ‘ஐ சக்சீடட் இன் தி எக்ஸாம்’ என்றால் இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

செயப்பாட்டு வினையாக்கலாமா?

பின்வந்த பொருளில் மட்டும். ‘நேரு வாஸ் சக்சீடட் பை சாஸ்திரி’ சரி. 1964 மே மாதம் நேரு மறைந்தார், இடைக்காலத்தில் குல்சாரிலால் நந்தா பார்த்துக்கொண்டார், ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். ‘தி ப்ளான் வாஸ் சக்சீடட்’ தப்பு. திட்டம் ‘சக்சீடட்’, அல்லது ‘வாஸ் சக்சஸ்ஃபுல்’. வெற்றிப் பொருளில் இந்த வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது, அதனால் செயப்பாட்டு வினையும் வராது.

‘ஆபரேஷன் சக்சஸ்’, ‘கிராண்ட் சக்சஸ்’ என்றெல்லாம் சொல்கிறோமே?

தமிழ் வாக்கியத்துக்குள் சொல்லும்போது ஒன்றும் குறையில்லை. ‘படம் சக்சஸ்’ என்பது இப்போது தமிழ்தான், போஸ்டரிலேயே ஊறிவிட்டது. ஆங்கில வாக்கியமாக எழுதும்போதுதான் கவனம் வேண்டும். ‘தி ஆபரேஷன் வாஸ் எ சக்சஸ்’ என்று நடுவில் ‘எ’ போடவேண்டும், இல்லையென்றால் ‘வாஸ் சக்சஸ்ஃபுல்’. ‘ஐ ஆம் சக்சஸ்’ என்று நேர்காணலில் சொன்ன ஒரு பையன், அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னதை உணர்ந்ததாக என்னிடம் வருத்தப்பட்டான். வேலை அதனால் போகவில்லை. அவன் பதற்றமாக இருந்தான், கேட்டவர்களுக்கும் புரிந்தது.

‘சக்சஸ்ஃபுல்’, ‘சக்சஸிவ்’, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. தேர்வுத்தாளில் இந்த இடத்தில்தான் மதிப்பெண் கொட்டிப்போகிறது. ‘சக்சஸிவ்’ என்றால் அடுத்தடுத்து வருகிற, தொடர்ச்சியான. ‘த்ரீ சக்சஸிவ் டிஃபீட்ஸ்’ என்றால் வரிசையாக மூன்று தோல்விகள். வெற்றியான தோல்வி என்று பொருள் கொண்டு திகைத்துப் போனவர்கள் உண்டு. வேரில் இருந்த ‘தொடர்தல்’ என்ற பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் சொல் இது. ‘சக்சஸ்ஃபுல்’ புதுப்பொருளின் பக்கம் போனது, ‘சக்சஸிவ்’ பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. ‘சக்சஸர்’ என்பதும் பழைய வீட்டுச் சொல்தான், பின்வருபவர்.

‘சக்சஸர்’ என்ற சொல்லைக் கணக்குப் பாடத்தில் பார்த்தேனே?

ஆமாம். ஆறாம் வகுப்புக் கணக்கில் முன்னி, தொடரி என்று படித்திருப்பீர்கள். 7க்குத் தொடரி 8, முன்னி 6. ‘சக்சஸர்’ என்பதற்குத் ‘தொடரி’ என்று பெயர் வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வேரைச் சரியாகப் பிடித்த கலைச்சொல் அது. எண்களில் யாரும் யாரையும் வெல்வதில்லை, 7 முடிந்த இடத்தில் 8 வந்து நிற்கிறது. இந்தப் பொருளைக் குழந்தையாக இருக்கும்போதே தமிழில் கற்றுக்கொண்டுவிட்டு, பெரியவர்களானதும் ஆங்கிலத்தில் மறந்துவிடுகிறோம்.

‘சக்சஷன்’ என்றால் வாரிசுரிமையா? ‘செசஷன்’ என்பது வேறா?

‘சக்சஷன்’ என்றால் தொடர்ச்சி, வரிசையாக வருவது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்தோ பட்டமோ அடுத்தவருக்குப் போவதும் அதில் அடங்கும். நம் ஊரில் இந்தச் சொல் நேராக வீட்டுக்குள் வருவது சட்டத்தின் வழியாகத்தான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘சக்சஷன்’. பிதுரார்ஜிதச் சொத்தில், அதாவது முன்னோர் வழி வந்த சொத்தில், மகளுக்கும் மகனைப்போலவே பிறப்பிலேயே உரிமை என்ற திருத்தம் நாடு முழுக்க வந்தது 2005ல். தமிழ்நாட்டில் 1989லேயே, அதுவரை திருமணமாகாத மகள்களுக்கு, அந்த உரிமை வந்துவிட்டது.

இரண்டு தாள்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது வாரிசுச் சான்றிதழ், ஆங்கிலத்தில் ‘லீகல் ஹேர் சர்டிபிகேட்’. இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்று சொல்லும் தாள். ‘சக்சஷன் சர்டிபிகேட்’ என்பது நீதிமன்றம் தருவது, 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், வங்கிப் பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க உரிமை தரும் தாள். வங்கியில் கேட்பது எது என்று ஆங்கிலப் பெயரைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

‘ஹேர்’ என்று நான் எழுதியது ‘ஏர்’ என்று ஒலிக்கவேண்டிய சொல். தாசில்தார் அலுவலக வாசலில் தட்டச்சு செய்பவர்கள்வரை எல்லாரும் ‘ஹேர்’ என்றே சொல்வதால் அப்படியே எழுதினேன்.

‘செசஷன்’ என்பது ‘செசீட்’ என்ற வினையிலிருந்து வருவது. பிரிந்துபோதல். 1860 டிசம்பரில் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த மாநிலம் தென் கரோலினா, அதைச் சொல்ல வேண்டியது ‘செசீடட்’. 1701 முதல் 1714 வரை ஐரோப்பாவில் நடந்தது ஸ்பானிய ‘சக்சஷன்’ போர், ஸ்பெயின் அரியணைக்கு அடுத்து யார் என்பதற்காக. ஓரிரு எழுத்து மாறினால் வாரிசுச் சண்டை பிரிவினைப் போராகிவிடும்.

பிரிட்டனில் அரியணை வரிசையை ‘லைன் ஆஃப் சக்சஷன்’ என்கிறார்கள். அக்காவை முந்திக்கொண்டு தம்பி வரிசையில் முன்னால் போகும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டு இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுத்தியது. அதனால்தான் இளவரசி ஷார்லட் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார்.

எழுத்துக்கூட்டல் எப்படி நினைவில் வைப்பது?

எஸ், யூ, சி, சி, இ, இ, டி. இரண்டு சி, இரண்டு இ. ‘சக்சஸ்’ எழுதும்போது இரண்டு சி, ஒரு இ, இரண்டு எஸ்.

ஆங்கிலத்தில் இதே ஒலியில் முடியும் சொற்களுள் சி-இ-இ-டி என்று முடிபவை மூன்றே: சக்சீட், ப்ரொசீட், எக்சீட். எஸ்-இ-டி-இ என்று முடிவது ஒன்றே: சூப்பர்சீட். அது ‘உட்கார்’ என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது, அதனால் வேறு எழுத்து. மற்றவை, அதாவது ப்ரிசீட், ரிசீட், கன்சீட், அக்சீட், செசீட், இன்டர்சீட் எல்லாம் சி-இ-டி-இ. மூன்றையும் ஒன்றையும் மனப்பாடம் செய்தால் மீதியைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். இந்த ‘கேடெரே’ குடும்பம் பெரியது. ‘ஆன்சஸ்டர்’, முன்னோர், அதுவும் இந்தக் குடும்பம்தான், முன்னால் சென்றவர் என்று பொருள். முன்னால் சென்றவர் முன்னோர், பின்னால் வருபவர் ‘சக்சஸர்’. 

உச்சரிப்பு?

முதல் சி ககரமாகவும் இரண்டாவது சி ஸகரமாகவும் ஒலிக்கும்: ஸக்-ஸீட். இரட்டை சி-க்குப் பின்னால் இ அல்லது ஐ எழுத்து வந்தால் பெரும்பாலும் இப்படித்தான், அக்சிடென்ட், அக்செப்ட், வாக்சின் எல்லாம் பாருங்கள். வேறு உயிரெழுத்து வந்தால் ககரம் மட்டும்: அக்கவுண்ட். சாக்கர் போல ஒன்றிரண்டு விலகும்.

அழுத்தம் இரண்டாம் அசையில். ‘சக்சஸ்’ என்று சொல்லும்போது நாம் ‘சக்’ என்பதை அழுத்தி ‘சஸ்’ என்பதை விழுங்குகிறோம். ஆங்கிலேயர் ‘சக்’ என்பதைத் தொட்டும் தொடாமல் விட்டு ‘ஸெஸ்’ என்று பின்னால் அழுத்துவார்கள். தொலைபேசியில் பேசுகிறவர்கள் இதை மட்டும் மாற்றினாலே எதிரே இருப்பவர் மறுபடி கேட்கமாட்டார்.

‘அச்சீவ்’, ‘வின்’, ‘மேனேஜ்’ இவற்றோடு என்ன வித்தியாசம்?

‘வின்’ நம் ‘வெல்’ வினைக்கு நெருக்கம். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பாடுபடு, போராடு’ என்று பொருள். போட்டி இருந்தால் ‘வின்’.

‘மேனேஜ் டு’ என்றால் சிரமப்பட்டு எப்படியோ முடித்தது. கடைசிப் பஸ்ஸைப் பிடித்ததற்கு ‘மேனேஜ்ட் டு கேட்ச்’ போதும். அதற்குச் ‘சக்சீடட் இன் கேச்சிங்’ என்றால் கனம் அதிகம்.

‘அச்சீவ்’ வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும், எதை அடைந்தார் என்று சொல்லவேண்டும். அதன் மூலம் பழைய பிரெஞ்சில் ‘தலைக்கு வருவது’. ஒரு வேலையைத் தலைவரை, முடிவுவரை கொண்டுபோவது. பழந்தமிழில் ‘தலைக்கட்டுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது, காரியத்தை முடித்தல் என்று பொருள். எங்கோ இருந்த இரண்டு கூட்டத்தார் முடிவைத் தலை என்று நினைத்திருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்று வகுப்பு முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இதே சொல்தானா?

வேர் ஒன்றே, போன வழி வேறு. ஸ்பானிய மொழியில் ‘சுசெதெர்’ என்றால் நிகழ்வது. வெற்றிக்கு அவர்கள் சொல்வது ‘எக்சிதோ’. வாசலில் ‘எக்சிட்’ என்று எழுதியிருக்கிறதே, அதே மூலம், வெளியே வருதல். பிரெஞ்சில் ‘சக்சஸ்’ சொல்லுக்கு நேரான பெயர்ச்சொல் வெற்றியைக் குறிக்கும், ஆனால் வினை ‘பின் வா’ என்ற பொருளிலேயே நின்றுவிட்டது, வெற்றி பெற ‘ரேயுசீர்’ என்ற வேறு வினை. ஆங்கிலம் தெரிந்துகொண்டு பிரெஞ்சு படிக்கப் போகும் புதுச்சேரி மாணவர்கள் இங்கே கட்டாயம் ஒருமுறை சறுக்குவார்கள்.

‘நத்திங் சக்சீட்ஸ் லைக் சக்சஸ்’ என்ற பழமொழியின் பொருள்?

ஒரு காரியம் கைகூடினால் அதை வைத்தே அடுத்த காரியமும் கூடிவரும் என்பது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் தொடர். பிரெஞ்சிலும் இதற்கு இணை உண்டு. மேலே பார்த்த இரண்டு பொருளையும் வைத்து மறுபடி படியுங்கள். வெற்றிக்குப் பின்னால் வருவதில் வெற்றிக்கு நிகராக எதுவும் இல்லை என்றும் படிக்கலாம். அப்படிப் படிக்கவேண்டும் என்று யாரும் விதி போடவில்லை, எனக்கு அப்படிப் படிக்கப் பிடிக்கிறது.

‘தி கவர்னர் கேனாட் சக்சீட் ஹிம்செல்ஃப்’ என்று படித்தேன். தன்னையே வெல்ல முடியாது என்று தத்துவமா?

தத்துவம் இல்லை, தேர்தல் விதி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநில ஆளுநர் ஒரு பதவிக்காலம் முடிந்ததும் உடனே அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. தனக்குப் பின் தானே வரக்கூடாது, அதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது. ஒரு தவணை இடைவெளி விட்டு மறுபடி நிற்கலாம். மில்ஸ் காட்வின் என்பவர் 1966 முதல் 1970 வரை இருந்தார், நான்கு ஆண்டு கழித்து 1974ல் மறுபடி வந்தார். இடையில் வேறொருவர் ஆளுநராக இருந்ததால் அவர் தன்னைத் தானே ‘சக்சீட்’ செய்ததாகாது.